பெட்டியும் பொருளும்

குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது வந்து தீரும் சங்கடம் ஒன்று உண்டு. பழைய சாமானைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, அல்லது அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்பதே அது. கடிகாரம், சைக்கிள், தையல் இயந்திரம், மின்சார விசிறி ஆகிய ஒவ்வொன்றும் தத்தம் காலத்தில் இந்தக் கேள்வியை நம் முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இப்போது அந்த வரிசையில் புதிய சாமான் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அலமாரியின் மேல் தட்டிலோ, மாடிப்படியின் அடியிலோ உட்கார்ந்துகொண்டு, இரவு பகலாக 'உர்' என்ற மெல்லிய சத்தத்துடன் ஓடிக்கொண்டிருக்கும் 'சர்வர்' என்னும் கம்ப்யூட்டரைச் சொல்கிறோம்.

சர்வர் என்றதும் ஹோட்டலில் இட்டலியும் சட்டினியும் கொண்டுவந்து வைப்பவரை நேயர்கள் நினைத்துக்கொண்டால், அது தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் இரண்டு சர்வர்களுக்கும் உத்தியோகம். வீட்டுச் சர்வரிடம் அண்ணன் தன் கைபேசி வழியாகப் பழைய கலியாணப் படத்தைக் கேட்கிறான். தங்கை பாட வீடியோவைக் கேட்கிறாள். அப்பா நிலத்துப் பத்திரத்தின் நகலைக் கேட்கிறார். பாட்டி முருகன் பாட்டைக் கேட்கிறாள். எல்லோருக்கும் அது முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுக்கிறது. ஹோட்டல் சர்வருக்கு வாரத்தில் ஒரு நாளாவது லீவு கிடைக்கும். இதற்கு அதுவும் இல்லை. அப்படி உழைக்கிற பெட்டி பத்து வருஷத்துக்குப் பின் முனகத் தொடங்கினால் அதைக் குற்றம் சொல்வதற்கில்லை.

கரிசல் காட்டில் சர்வர்

வெம்பக்கோட்டை போன்ற ஊர்களில் கூடவா சர்வர் இருக்கிறது என்று சென்னை நேயர்கள் கேட்கலாம். சர்வர் என்ற பெயரோடு விலைக்கு வந்தவை இங்கே அபூர்வந்தான். வேறு பெயரில் வந்து சர்வராக மாறியவை உண்டு. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிக்கும் மாணவர்களுக்கு விலையில்லாமல் மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிற்று. எல்காட் நிறுவனம் அவற்றை லட்சக்கணக்கில் கொள்முதல் செய்தது. அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய மடிக்கணினிகளும் அந்தக் கணக்குக்குத் தொண்டு கிழங்களாகிவிட்டன. திரை மங்கி, விசைப்பலகையில் நாலு எழுத்து விழாமல் போன பிறகும், சில பெட்டிகள் லினக்ஸ் மென்பொருளின் புண்ணியத்தில் மறுபிறவி எடுத்து, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைத் துணை சேர்த்துக்கொண்டு, வீட்டுச் சர்வராகச் சேவை செய்கின்றன.

இன்னொரு வகை, பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட மேஜைக் கம்ப்யூட்டர்கள். பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கி, இரண்டு டிஸ்க்கைப் போட்டு ஓட்டுகிறார்கள். சிவகாசி அச்சகங்களுக்குப் பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டர் படமும் வரைந்து கொடுக்கும் இளைஞர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலை முழுவதும் இத்தகைய பெட்டிகளில்தான் குடியிருக்கிறது.

அப்படிப்பட்ட இளைஞர் ஒருவர், முன்பு நம்மிடம் படித்தவர், சில மாதங்களுக்கு முன் ஆலோசனை கேட்டு வந்தார்.

"ஐயா, பெட்டி அடிக்கடி தானாகவே நின்று போகிறது. கடையில் கேட்டால், 'இதற்குச் செலவழிப்பது வைப்பாற்று மணலில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. புதிது வாங்கிவிடு, தம்பி' என்கிறார்கள். அப்பாவோ, 'ஓடுகிற மட்டும் ஓடட்டும். காசு என்ன காய்த்தா தொங்குகிறது?' என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"அதில் என்னென்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டோம்.

"பத்து வருஷத்து லேபிள் டிசைன்கள் இருக்கின்றன. வீட்டுப் படங்கள் இருக்கின்றன." சற்று நிறுத்திவிட்டு, "அம்மாவின் குரலும் அதில்தான் இருக்கிறது, ஐயா" என்றார்.

அந்த அம்மாள் காலமாகி நான்கு வருஷங்கள் ஆகின்றன. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே பேத்திக்குக் கதை சொல்லும் வழக்கம் அவருக்கு உண்டு. அதைப் பிள்ளை கைபேசியில் பதிவு செய்து பெட்டியில் ஏற்றி வைத்திருந்தார்.

"வேறு எங்காவது நகல் இருக்கிறதா?"

"இல்லை, ஐயா."

கடைக்காரரும் தகப்பனாரும் ஒரு வார காலமாக வாதம் செய்திருக்கிறார்கள். ஒருவர் புதுப் பெட்டியின் கட்சி. மற்றவர் பழைய பெட்டியின் கட்சி. பெட்டிக்குள் இருக்கும் பொருளின் கட்சியில் ஒருவர்கூட இல்லை!

கரிவலம்வந்தநல்லூர் தரும் பாடம்

பெட்டி வேறு, பொருள் வேறு என்பதை நம் பக்கத்து ஊர் ஒன்று வெகு காலத்துக்கு முன்பே நமக்குக் கற்பித்திருக்கிறது. சங்கரன்கோவிலுக்கு அருகில் உள்ள கரிவலம்வந்தநல்லூர் வரதுங்கராம பாண்டியர் வாழ்ந்த ஊர். அவருடைய ஏட்டுச் சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்று, டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவலோடு அங்கே போனார். கோயில் அதிகாரி சொன்ன செய்தி அவரைத் திடுக்கிடச் செய்தது. பழுதுபட்டுக் கிடந்த சுவடிகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து அக்கினியில் ஆகுதி செய்துவிட்டார்களாம்! பழுதான ஏடுகளைப் புதிய ஓலையில் பிரதி செய்துகொண்ட பிறகு பழையதை அக்கினிக்குக் கொடுப்பதுதான் முறையாக இருக்க முடியும் என்று ஐயரவர்கள் மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவடியை எரித்தவர்கள் துஷ்டர்கள் அல்லர். பழைய சாமானை மரியாதையாகக் கழிக்கவே எண்ணினார்கள். கழிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பனை ஓலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகள். ஆனாலும் ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள பாட்டுக்கள் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஓலை சாகுமுன் ஒருவர் உட்கார்ந்து பிரதி செய்தார். அந்த ஓலை சாகுமுன் இன்னொருவர் பிரதி செய்தார். ஹார்ட் டிஸ்க்கின் ஆயுளோ ஓலையின் ஆயுளில் ஒரு சிறு பங்கே. ஆகையால் அந்தப் பழைய வழக்கம் முன்னைவிட இப்போது நமக்கு அதிகமாக வேண்டியிருக்கிறது.

எனவே, செப்பனிடுவதா, மாற்றுவதா என்ற விசாரணையைத் தொடங்குமுன் முதற் காரியம் நகல் எடுப்பது. பெட்டி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பது அதற்கு அப்புறந்தான்.

மருந்து அறையின் நியாயம்

நகல் எங்கே இருக்க வேண்டும் என்பதை வெம்பக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பட்டாசுத் தொழிற்சாலையில் மருந்து முழுவதையும் ஒரே கட்டிடத்தில் வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. சிறு சிறு அறைகளாகக் கட்டி, ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே குறித்த தூரம் விட வேண்டும். ஓர் அறைக்குள் இத்தனை கிலோ மருந்து, இத்தனை ஆட்கள் என்ற அளவும் உண்டு. ஓர் அறை போனாலும் மற்றவை பிழைக்க வேண்டும் என்பதே இதன் நியாயம். அந்த அளவை மீறினால் என்ன நேரும் என்பதை இந்தப் பிரதேசம் கண்ணீரோடு அறிந்திருக்கிறது.

சர்வர் வைத்திருப்பவர்களில் பலர், "எங்கள் பெட்டியில் இரண்டு டிஸ்க் இருக்கிறது, இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதுகிறது. ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறதே!" என்று பெருமை கொள்கிறார்கள். இதற்கு 'ரெயிட்' என்று பெயர். நல்ல ஏற்பாடுதான், ஒரு டிஸ்க் இறந்தால் வேலை நிற்காது. ஆனால் அதை நகல் என்று நம்புவது, ஒரே அறையில் இரண்டு மூட்டை மருந்தை வைத்துக்கொண்டு பத்திரமாக இருக்கிறோம் என்று எண்ணுவதற்குச் சமானம். ஐப்பசி மழையில் இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்து போகும். குழந்தை தெரியாமல் ஒரு படத்தை அழித்தால் அடுத்த கணமே இரண்டிலிருந்தும் அது அழிந்துவிடும். திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றால் கேட்கவே வேண்டாம்.

புகைப்படக்காரர்களும் கம்ப்யூட்டர்க்காரர்களும் '3-2-1' என்று ஒரு விதி சொல்கிறார்கள். பிரதிகள் மூன்று, அவை இருவேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அதைச் சாத்தூரிலோ விருதுநகரிலோ உள்ள தமக்கையின் வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டால் இந்த விதியில் பெரும் பகுதி நிறைவேறிவிடும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அக்காள் வீட்டுக்குப் போகும்போது பழைய டிஸ்க்கை வாங்கிக்கொண்டு புதிய நகல் உள்ளதைக் கொடுத்துவிட்டு வரலாம். சீர் கொண்டு போனதாகவும் இருக்கும்.

நோய் எங்கே இருக்கிறது?

நகல் பத்திரமான பிறகு, நிதானமாக நோயைப் பார்க்கலாம். 'கம்ப்யூட்டர் கெட்டுப்போயிற்று' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கம்ப்யூட்டர் என்பது ஒரே சாமான் அன்று. பல சாமான்களின் கூட்டுக் குடும்பம். ஒருவருக்கு ஜலதோஷம் பிடித்ததற்காகக் குடும்பத்தையே வீட்டை விட்டு வெளியேற்றுவார் உண்டோ?

தானாக நின்று போவது பெரும்பாலும் சூட்டினால் வரும் வியாதி. நம் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியை நெருங்குகிறது. கரிசல் புழுதியோ மாவைப்போல் நயமானது. விசிறியின் இறக்கைகளுக்கும் செதில்களுக்கும் நடுவே படிந்து, கம்பளி போர்த்தினாற்போல் காற்றை அடைத்துவிடுகிறது. பிராசஸருக்கும் அதன்மேல் உள்ள உலோகத்துக்கும் நடுவே பூசியிருக்கும் 'தெர்மல் பேஸ்ட்' சில வருஷங்களில் காய்ந்துவிடும். புழுதியைத் தட்டிப் புதிய பூச்சுப் பூசுவதற்கு ஆகும் செலவு மிகவும் சொற்பம்.

மதர்போர்டில் வட்டமான சிறு மின்கலம் ஒன்று இருக்கிறது. அது தீர்ந்தால் பெட்டி தேதியை மறந்துவிடும். துவங்கும்போது ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிடும். திரையில்லாத சர்வரில் அந்தக் கேள்வி யார் கண்ணிலும் படாது. பெட்டி இறந்துவிட்டது என்றே வீட்டார் முடிவு கட்டுவார்கள். அந்த மின்கலத்தின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவைத் தாண்டாது.

பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் உஷ்ணத்துக்கு அஞ்சுபவை. பத்து டிகிரி சூடு ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. அவற்றின் தலை உப்பியிருந்தால் பவர் சப்ளையை மாற்றிவிட வேண்டும். இதுவும் பெரிய செலவில்லை. பழைய பவர் சப்ளை சாகும்போது துணைக்கு மதர்போர்டையும் அழைத்துக்கொண்டு போகக்கூடும் என்பதால் இதில் தாமதம் கூடாது.

ஹார்ட் டிஸ்க்கின் விஷயம் வேறு. அதை நம் ஊர்க் கடையில் செப்பனிட முடியாது, மாற்றத்தான் முடியும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடு உண்டு. அதை எவ்வளவு நம்பலாம்? 2007-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பரிசோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, 100-க்கு 56, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் முன்கூட்டிக் காட்டவே இல்லை! இவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குவது இதுதான்: டிஸ்க் 'உடம்பு சரியில்லை' என்று சொன்னால் உடனே நம்ப வேண்டும், 'சௌக்கியமாக இருக்கிறேன்' என்று சொன்னால் அவ்வளவாக நம்ப வேண்டாம்.

மடிக்கணினியைச் சர்வராக வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை. வருஷக்கணக்கில் மின்சாரத்திலேயே சொருகி வைத்த லித்தியம் பேட்டரி உப்பிக்கொள்ளும். அடிப்பாகம் தூக்கிக்கொண்டாலோ, விசைப்பலகை மேடிட்டாலோ பெட்டியை உடனே நிறுத்திவிட வேண்டும். அந்தப் பேட்டரியைக் குத்தவோ, அமுக்கவோ, மறுபடி சார்ஜ் செய்யவோ கூடாது. தெரிந்தவரைக் கொண்டு கழற்ற வேண்டும். மருந்தோடு பழகிய ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பேட்டரி இல்லாமலே பல மடிக்கணினிகள் ஓடும். ஆனால் மின்சாரம் நின்றால் அவையும் அக்கணமே நிற்கும், எழுதிக்கொண்டிருந்தது பாழாகும். ஆதலால் ஒரு சிறு யு.பி.எஸ். அவசியம்.

நம் இளைஞருடைய மேஜைக் கம்ப்யூட்டரின் கதை என்னவாயிற்று என்றால், நின்று போவதற்குக் காரணம் புழுதியும் காய்ந்த பூச்சுமே. சில நூறு ரூபாயில் அது தீர்ந்தது. ஆனால் நகல் எடுக்கும்போது டிஸ்க் இரண்டு இடத்தில் திக்கிற்று. பரிசோதித்ததில் அதற்கு நாள் நெருங்கிவிட்டது தெரிந்தது. பெட்டியைப் பற்றியே கவலைப்பட்டுக் கொண்டிருந்தார்கள். உண்மையான நோயாளி சத்தமில்லாமல் உள்ளே கிடந்தது.

மின்சாரக் கணக்கு

'பழைய பெட்டிதான் ஓடுகிறதே, ஓட்டினால் என்ன?' என்ற தகப்பனார் கட்சிக்கு எதிரான பலமான சாட்சி மின்சார மீட்டர். இதைக் கணக்காகவே போட்டுவிடுவோம். வாத்தியார்களுக்கு வேறென்ன தெரியும்?

பழைய மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா இருக்கும்போதே 80 வாட் இழுக்கிறது என்று கொள்வோம். இருபத்து நாலு மணி நேரத்துக்கு 1.92 யூனிட். அறுபது நாளைக்கு 115 யூனிட். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அரசாங்கம் அறிவித்ததே, அந்த அளவு முழுவதையும் இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிட்டு மேலும் 15 யூனிட் கேட்கும்! வருஷத்துக்கு 701 யூனிட். இன்று கிடைக்கும் சிறிய கம்ப்யூட்டர் ஒன்று 10 வாட்டில் அதே வேலையைச் செய்தால், வருஷத்துக்கு 88 யூனிட் போதும். மிச்சம் 613 யூனிட். கணக்கின் சௌகரியத்துக்காக யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று வைத்தால் 3,678 ரூபாய் வருகிறது. புதுப் பெட்டிக்கு 15,000 ரூபாய் கொடுத்தால், நாலு வருஷத்துக்குச் சற்று மேல் அந்த முதல் திரும்பிவிடும். இந்த இடத்தில் கடைக்காரர் சொல்வது நியாயந்தான்.

ஆனால் பழைய மடிக்கணினியை எடுத்துக்கொண்டால் கதை தலைகீழாகிறது. மூடி வைத்த மடிக்கணினி 15 வாட்டில் ஓடுமானால், வருஷத்துக்கு 131 யூனிட். புதுப் பெட்டியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 44 யூனிட்டுக்குள் அடங்கும். பணமாக 260 ரூபாய் சொச்சம். 15,000 ரூபாயை இந்த வகையில் மீட்பதற்கு 57 வருஷம் ஆகும்! அதற்குள் நாமும் இருக்க மாட்டோம். புதுப் பெட்டியும் இருக்காது.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. வீட்டில் எல்லோரும் உறங்கும்போதும், வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கும்போதும் சர்வர் யாருக்காக விழித்திருக்கிறது? 80 வாட் பெட்டியை நாளைக்கு எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டினால் வருஷத்துக்கு 234 யூனிட்டோடு போயிற்று. ஒரு காசு செலவில்லாமல் 467 யூனிட் மிச்சம். எதைச் செய்வதானாலும், ஊகத்தை நம்பாமல், பிளக்கில் சொருகிப் பார்க்கும் சிறு மீட்டர் ஒன்றால் நம் பெட்டி எவ்வளவு இழுக்கிறது என்பதை முதலில் அளந்துகொள்ள வேண்டும்.

கடைவீதி நிலவரம்

கம்ப்யூட்டர்ச் சாமான்கள் வருஷத்துக்கு வருஷம் மலிந்துகொண்டே போகும், ஆகவே பொறுத்து வாங்கினால் லாபம் என்பது வெகு நாளைய நம்பிக்கை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்தது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மூட்டை மூட்டையாக வாரிக்கொண்டு போனதில், 'ராம்' விலை மளமளவென்று ஏறிற்று. அந்த வருஷம் டிசம்பரில், மைக்ரான் நிறுவனம் 'குருஷியல்' என்ற பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு நடத்திவந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்துவிட்டது. எங்கோ அமெரிக்காவில் கட்டும் கட்டிடத்துக்கும் வெம்பக்கோட்டையில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று இனிக் கேட்பதற்கில்லை. பழைய பெட்டியில் உள்ள நல்ல ராம் இந்நாளில் பரணில் எறிகிற பொருள் அன்று. புதுப் பெட்டியின் விலையைக் கேட்கும்போது, அதில் ராமும் டிஸ்க்கும் சேர்த்தியா, தனியா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழித்துத்தான் ஆக வேண்டிய சமயங்களும் உண்டு. மதர்போர்டே போய், அதே வகைப் போர்டு பழைய சாமான் கடையில் மட்டும் கிடைக்குமென்றால், அதற்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண். மென்பொருள் கைவிட்ட பெட்டியும் அப்படியே. விண்டோஸ் 10-க்குச் சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அதற்காகப் பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை, லினக்ஸுக்குப் போகலாம். ஆனால் மிகப் பழைய 32-பிட் பிராசஸர் உள்ளவற்றுக்கு அந்த வாசலும் சாத்தப்பட்டு வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 அவற்றில் புதிதாக நிறுவுவதற்கு இடம் கொடுக்கவில்லை. காவலில்லாத பெட்டியை இணையத்தோடு சேர்த்து வைப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும்.

பெட்டி இறந்தால் பொருளும் இறந்துவிட்டது என்று பதற வேண்டாம். போர்டு போனாலும் டிஸ்க் நன்றாயிருந்தால், அதைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துக்கொள்ளலாம். பதற்றத்தில் கடைக்காரரிடம் பெட்டியை அப்படியே கொடுத்துப் 'புதியதாகப் போட்டுக் கொடுங்கள்' என்று சொல்லி, அவரும் சொன்னபடியே டிஸ்க்கைத் துடைத்துவிட்டுக் கொடுக்கும்போதுதான் விபரீதம் விளைகிறது.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

சிவகாசி அச்சகங்களைப் பார்த்தால் இந்தச் சர்ச்சைக்கு இன்னொரு வெளிச்சம் கிடைக்கிறது. வெளிநாட்டில் பல வருஷம் ஓடிய அச்சு இயந்திரங்களை வாங்கி, பாகம் பாகமாகப் புதுப்பித்து, மேலும் பல வருஷம் ஓட்டுகிற கை அந்த ஊருக்கு உண்டு. பழையது என்ற ஒரே காரணத்துக்காக அங்கே எதையும் கழிப்பதில்லை. ஆனால் ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும். அதற்கு முந்தின வாரம் இயந்திரம் நின்றால் என்ன நஷ்டம் என்பதையும் அவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அப்படி நிற்கக் கூடாத இயந்திரத்தை நிற்குமுன்பே மாற்றுகிறார்கள்.

நம் வீட்டுச் சர்வருக்கும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்க வேண்டும். இது ஒரு வாரம் நின்றால் என்ன குடி முழுகிப் போகும்? பாட்டி பாட்டுக் கேட்பதும் பிள்ளைகள் படம் பார்ப்பதுமே அதன் வேலை என்றால், சாவகாசமாகச் செப்பனிடலாம், பாகத்துக்காகக் காத்திருக்கலாம். சோறு போடும் தொழில் அதில் இருக்கிறது என்றால், காத்திருப்பதே பெரிய செலவு. அப்போது புதியதை வாங்கி வேலைக்கு வைத்து, பழையதைச் செப்பனிட்டு நகல் காக்கும் காவலாளாக வேறோர் அறைக்கு அனுப்பலாம். நம் இளைஞர் இப்படி இரண்டுக்கும் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. டிஸ்க்கை மட்டும் புதியதாக மாற்றி, வெளி டிஸ்க் ஒன்றும் வாங்கிக்கொண்டார். தகப்பனாருக்கும் திருப்தி, கடைக்காரருக்கும் கொஞ்சம் வியாபாரம்.

மேட்டில் கிடைத்ததும் கிடைக்காததும்

கழித்த பெட்டியை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிஸ்க்கில் உள்ளதைத் துடைக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. செம்புக்காகக் கம்பிகளையும் போர்டுகளையும் வெட்டவெளியில் எரிப்பது காற்றையும் மண்ணையும் நஞ்சாக்கும். 2022-இல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடமே இவை போய்ச் சேர வேண்டும் என்கின்றன.

2022 மார்ச்சில் வெம்பக்கோட்டைக்கு அருகில் விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரை மேட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறையார் தோண்டத் தொடங்கினார்கள். சங்கு வளையல் துண்டுகள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள் என்று எத்தனையோ கிடைத்தன. ஒரு பெண்ணின் கையில் உடைந்து எறியப்பட்ட வளையல், பல நூற்றாண்டுக்குப் பின்னும் தான் யார் என்பதைச் சொல்கிறது. நாம் எறியும் ஹார்ட் டிஸ்க் அப்படிச் சொல்லப் போவதில்லை. எதிர்காலத்தில் அதைத் தோண்டி எடுப்பவருக்கு அது ஒரு துருப்பிடித்த தகரம். அதில் இருந்த அம்மாவின் கதையைக் காப்பாற்றக்கூடியவர்கள், கேட்டு அனுபவித்து, அடுத்த டிஸ்க்குக்கு மாற்றி வைக்கிற உயிருள்ள மனிதர்களே.

அதற்கு ஒரு நாளும் நம் முன்னோர் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தை அடுக்குகிறோம். ஆயுத பூஜையன்று சுத்தியலையும் சைக்கிளையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். சர்வர் புத்தகமும் ஆயுதமுமாக இருப்பதால் இரண்டு பூஜைக்கும் உரியது. அன்றைக்கு அதைத் திறந்து புழுதியைத் துடைக்கலாம். டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம். நகலிலிருந்து ஏதேனும் ஒரு படத்தையோ பாட்டையோ எடுத்து, அது உண்மையிலேயே திறக்கிறதா என்று சோதிக்கலாம். திறந்து பார்க்காத நகல் எண்ணிப் பார்க்காத பணத்தைப் போன்றது. அதன் பிறகு பொட்டு வைத்து, பொரி கடலையை வீட்டாருக்கு வழங்கலாம். பெட்டிக்குள் மட்டும் பொரி விழாமல் பார்த்துக்கொள்வது நலம்.